எட்டாத கிச்சன் மூலை... எதை வாங்கினால் பயன்?

தீபாவளிக்கு முறுக்கு சுடும்போதுதான் பல வீடுகளில் கிச்சனின் மூலை கேபினட் திறக்கப்படும். தரையில் மண்டியிட்டு, மொபைல் டார்ச்சை அடித்து, தலையை உள்ளே விட்டுத் துழாவினால் முறுக்கு அச்சோடு, காணாமல்போனதாக நினைத்து மறுபடியும் வாங்கிய பணியாரக்கல்லும் வெளியே வரும்.

'எல்', 'யு' வடிவ மேடை உள்ள எல்லா கிச்சன்களிலும் இந்தப் பிரச்னை உண்டு. கீழ் கேபினட்டுகளின் ஆழம் சுமார் 2 அடி. இரண்டு மேடைகள் சேரும் இடத்தில், 2 அடிக்கு 2 அடி சதுரம் ஒன்று எந்தக் கதவுக்கும் நேராக இல்லாமல் உள்ளே மாட்டிக்கொள்கிறது. இதற்காகவே கடைகளில் விதவிதமான தட்டுகள் விற்கிறார்கள். அங்கே எதை வைக்கப்போகிறோம், அதை எடுக்கப்போவது யார் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகு வாங்கினால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்கும்.

சுழலும் தட்டு

நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றும் வட்டத் தட்டுகள். கரோசல் என்று கேட்டால் கிடைக்கும். மளிகை டப்பா, எண்ணெய் பாட்டில், ஊறுகாய் ஜாடி போன்ற சிறிய பொருள்களுக்கு ஏற்றது. சதுரத்துக்குள் வட்டம் சுற்றுவதால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இடம் வீணாகும். தட்டின் விளிம்பு உயரமாக இருக்கட்டும். இல்லையென்றால் சுற்றும்போது டப்பா பின்பக்கம் விழுந்து, தட்டே சிக்கிக்கொள்ளும்.

முந்திரி வடிவ தட்டு

முந்திரிப்பருப்பு போல வளைந்திருக்கும் இந்தத் தட்டு, இழுத்தால் வளைந்து கேபினட்டுக்கு வெளியே வந்து நிற்கும். குக்கர், வாணலி, இட்லிப் பானைக்கு வசதி. மூட்டுவலியால் மண்டியிட முடியாதவர்கள் சமைக்கும் வீடு என்றால், செலவு கொஞ்சம் கூடினாலும் இதுவே நல்லது.

மேஜிக் கார்னர்

முன்கூடைகளை வெளியே இழுத்தால், மூலையில் இருக்கும் கூடைகள் கதவுக்கு நேராக நகர்ந்து வரும். வசதி அதிகம், விலையும் அதிகம். கூடைகள் சிறியவை என்பதால் அண்டா, குண்டானெல்லாம் நுழையாது. நகரும் பாகங்கள் நிறைய இருப்பதால் வாரன்டி எத்தனை வருடம், உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு குறைந்த வழி

வாடகை வீடா, பட்ஜெட் இடிக்கிறதா? சாதாரண ஷெல்ஃபே போதும். கைப்பிடி வைத்த இரண்டு பெரிய பிளாஸ்டிக் கூடைகளில் பண்டிகைப் பாத்திரங்களைப் போட்டு உள்ளே தள்ளிவிடலாம். எந்தக் கூடையில் என்ன இருக்கிறது என்று எழுதி, கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் தேடும் வேலை இல்லை. சொந்த வீட்டில், மூலைக்கு மறுபக்கம் டைனிங் இடமாகத் திறந்திருந்தால், அந்தப் பக்கமே கதவு வைத்துவிடலாம்.

மூலையில் வைக்கக் கூடாதவை

கேஸ் சிலிண்டரை அங்கே வைக்கவே கூடாது. அதற்குக் காற்றோட்டம் வேண்டும். அவசரத்தில் ரெகுலேட்டரை மூட உடனே கை எட்ட வேண்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு அழுகினால் வாடை வரும்வரை தெரியாது. கிரைண்டரைக் குனிந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஆர்டருக்கு முன்...

* கேபினட்டின் அகலத்தோடு, கதவு திறக்கும் வழியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.
* ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்பதைக் கேளுங்கள்.
* மூலையை ஒட்டி 2 அங்குலம் பட்டை விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்து டிராயர், கதவின் கைப்பிடியில் இடிக்கும்.
* சிங்க் அருகில் என்றால் 710 கிரேடு பிளைவுட், 304 கிரேடு ஸ்டீல் கேட்டு வாங்குங்கள்.
* வீட்டிலுள்ள பெரிய குக்கரின் உயரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

காலித் தட்டு கடையில் வழுக்கிக்கொண்டுதான் வரும். எடையை ஏற்றி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். தினமும் சமைப்பவர் யாரோ, அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.