விரைவே வினையானால்?

விரைவு என்றால் நம் பெங்களூருக்கு வெல்லம். ஆனால், விரைவே வினையாகும் இடமும் ஒன்றுண்டு, தோழர்களே!

இந்நகரின் பிக்பாஸ்கெட் மளிகை நிறுவனத்திலிருந்து 2020 அக்டோபரில் 2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் பதிவுகள் களவு போயின. முதலில் விலை பேசினர்; 2021 ஏப்ரலில் ஊரறியக் கொட்டிவிட்டனர். பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த நாள் எல்லாம் அம்பலம்! கடவுச்சொற்கள் மட்டும் எஸ்.எச்.ஏ-1 என்னும் முறையில் உருமாற்றப்பட்டிருந்தன.

உருமாற்றியபின் அச்சமேன் என்பீர்கள். அம்முறை மிக விரைவானது. அதுவே அதன் குறை. இன்றைய கணினி நொடிக்குக் கோடிக்கணக்கான சொற்களை அவ்வாறே உருமாற்றி ஒப்பிட்டுவிடும். எளிய கடவுச்சொல் எத்தனை நேரம் தாங்கும்? அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்தவர் கதி என்ன?

கடவுச்சொல்லைக் காக்கும் முறை மெதுவாக இயங்க வேண்டும் என்று இராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் 1979லேயே எழுதினர். அதற்கென்றே பிகிரிப்ட் 1999இல் வந்தது. உள்ளே நுழைபவருக்கு அரை நொடி தாமதம். திருடனுக்கோ அதுவே ஆண்டுக்கணக்கு!

‘இடத்துக்கொரு கடவுச்சொல் வையுங்கள்’ என்று மக்களுக்குப் புத்தி சொல்கிறோம். நல்லதே. ஆனால், நம்பி ஒப்படைத்தவனுக்கு மட்டுந்தானா கடமை? வாங்கி வைத்தவனுக்கு இல்லையா?

நாளை இந்நகரில் நிரல் எழுதப்போகிறவர்கள் நீங்கள். தேவையற்ற விவரத்தைக் கேளாதீர். கேட்டதை மெதுவான பூட்டில் வையுங்கள். மேலாளர் விரைவு கேட்டால், ‘இங்கு மட்டும் இயலாது’ என்று சொல்லும் துணிவும் படிப்பின் பயனன்றோ?