சட்டியில் சாது, மத்தாப்பில் நெருப்பு: ஒரே அலுமினியம் ஏன் இப்படி மாறுது?

சுங்கை வேயிலிருந்து வடக்கே போனால், ஜேம் இல்லாத நாளில் அரை மணி நேரத்தில் சுங்கை பூலோ வந்துவிடும். 1991 மே 7 பிற்பகல், அங்கிருந்த பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் உயிரிழந்தனர். 100-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சுற்றியிருந்த வீடுகளும் சேதமடைந்தன.

உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஆனால் பட்டாசுக் கிடங்கில் ஒரு சின்னத் தீ எப்படிச் சில நொடிகளில் பெரும் வெடிப்பாகிறது என்பதற்கான விடை, நான்காம் படிவ வேதியியலில் நீங்கள் படித்த 'கடார் தின்டாக் பாலாஸ்' பாடத்திலேயே இருக்கிறது. அதாவது, இரசாயன வினையின் வேகம்.

பரப்பளவு

வீட்டில் அலுமினியச் சட்டியை அடுப்பில் வைக்கிறோம். அது எரிவதில்லை. அதே அலுமினியத்தைப் பொடியாக்கி மத்தாப்பில் சேர்த்தால், பளிச்சென்று எரிகிறது. ஏன்?

ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டுகள், 60 சதுர சென்டிமீட்டர். இன்னும் நூறு மடங்கு பொடியாக்கினால் 6,000 சதுர சென்டிமீட்டர்! உலோகம் அதேதான், ஆனால் ஆக்சிஜன் தொடும் இடம் ஆயிரம் மடங்கு கூடிவிட்டது.

செறிவு

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடுதான். பட்டாசு அதை நம்பி இருப்பதில்லை. பொட்டாசியம் நைட்ரேட் போன்ற பொருள் வழியாகத் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொண்டு வருகிறது. அதனால்தான், எரியும் பட்டாசை மூடி அணைத்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து.

வெப்பம்

பல வினைகளில், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். துகள்கள் அடிக்கடி மோதுவது மட்டும் காரணம் இல்லை. வினை நடக்கத் தேவையான சக்தியோடு மோதும் துகள்கள் அதிகமாகின்றன.

இங்கேதான் சிக்கல். எரியும்போது வெப்பம் வெளியாகும். வெப்பம் வேகத்தைக் கூட்டும். கூடிய வேகம் இன்னும் வெப்பம் தரும். பெட்டி பெட்டியாக அடுக்கிய இடத்தில் இந்தச் சுழற்சியை நிறுத்த முடியாது.

அழுத்தம்

இந்த எரிதலில் வாயுக்களும் உருவாகின்றன. வெளியேற வழியில்லாத டின்னிலோ, குழாயிலோ, பூட்டிய அறையிலோ அழுத்தம் ஏறும், எரிதலும் வேகமெடுக்கும். திறந்தவெளியில் வெறும் தீயாக முடிய வேண்டியது, அடைபட்ட இடத்தில் வெடிப்பாகிவிடும்.

வினையூக்கி

சில பொருள்கள் தாம் செலவாகாமல் வினைக்குத் தேவையான சக்தியைக் குறைக்கும். இது நல்லதுக்கும் பயன்படும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களின் புகைக் குழாயில் பிளாட்டினம், பலேடியம் போன்ற உலோகங்கள் உண்டு. நச்சான கார்பன் மோனாக்சைடை அவை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற உதவுகின்றன. ஆனால் பட்டாசு மருந்தில் கலக்கும் சில உலோக ஆக்சைடுகள், எதிர்பார்த்ததை விடக் குறைந்த வெப்பத்திலேயே வினையைத் தொடக்கிவிடலாம்.

உங்களுக்கு இது ஏன் முக்கியம்?

மலேசியாவில் பட்டாசுகள் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. கடைவீட்டின் மாடியிலோ, பிளாட் ஸ்டோர் அறையிலோ பெட்டிகளைக் குவித்து வைத்தால், மேலே சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை ஒரே அறையில் கூடிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போதும் இதை மறக்காதீங்க. ஒன்றொன்றாகக் கொளுத்துங்கள்; கட்டாகக் கட்டிக் கொளுத்தினால் ஒன்றின் சூடு மற்றதை முடுக்கிவிடும். டின்னிலோ பாட்டிலிலோ அடைத்து வெடிக்க வேண்டாம். எரிந்து முடிந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள். சூட்டைக் குறைத்தால் வினையும் மெதுவாகும்; அதுவும் அதே பாடத்தில் படித்ததுதான்.