திரும்பி வந்த பொம்மைகள்



கொலு நெருங்குகிறது. நல்லூரிலிருந்து விருத்தாசலம் போனால் கொலு பொம்மை செய்யும் பீங்கான் பட்டறைகள் பக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை நான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணை நம்பி இங்கே வளர்ந்த தொழில் அது.

போன வாரம் ஒரு பட்டறையில் ஓரம் கிழிந்த நோட்டு ஒன்றைப் பார்த்தேன். இடப்பக்கம், எந்தக் கடைக்கு எத்தனை பொம்மை போனது என்ற கணக்கு. வலப்பக்கம், எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கு. "போனதைப் பாத்தா மனசு நிறையும் சார். வந்ததைப் பாத்தாத்தான் அடுத்த வருஷம் எந்த அச்சை எடுக்கணும்னு தெரியும்" என்றார் பட்டறைக்காரர். அதே நோட்டின் பழைய பக்கங்கள் முழுக்கப் பீங்கான் ஃபியூஸ் கேரியர். வீடுகளில் ஃபியூஸுக்குப் பதில் எம்.சி.பி. சுவிட்ச் வந்ததும் அந்த வரிகள் மெலிந்துகொண்டே போய், ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டன. மெலிவதை முதலிலேயே கவனித்ததால்தான் பட்டறைக்காரர் பொம்மைக்கு மாறியிருக்கிறார்.

மண் தொழிலில் கணக்குப் பார்த்தவர்களில் பெரியவர் இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட். 1772-இல் அங்கே கடன் நெருக்கடி. சரக்கு தேங்கிக் கிடந்தது. கணக்குப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன செலவாகிறது என்று பிரித்துப் பார்த்தார். வாடகையும் அச்சுச் செலவும் பத்துச் செய்தாலும் ஆயிரம் செய்தாலும் அவ்வளவேதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடாத சரக்கில் எவ்வளவு பணம் முடங்குகிறது என்பதும் தெரிந்தது. தலைமைக் குமாஸ்தா கையாடல் செய்ததும் கூடவே வெளிவந்தது. அது கொசுறு!

அவ்வளவு தூரம் போவானேன், நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பணக்காரர் வாங்குவதைக் கூலிக்காரரும் வாங்க முடியவேண்டும் என்று சாஷே பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் தொடங்கி, அப்பா பெயரைச் சுருக்கி 'சிக்' ஷாம்பு என்று வைத்தார். கிராமம் கிராமமாகப் போய், பையன்களைக் கூப்பிட்டுத் தலை குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு வந்ததுதான் எனக்குப் பிடித்த யோசனை: எந்தக் கம்பெனியின் காலி சாஷேயானாலும் சிலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம். ஜனங்கள் பழகியபின், சிக் சாஷேக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள்.

இதை விளம்பரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது சந்தைக் கணக்காகவும் தெரிகிறது. எந்த ஊரில் எந்த ஷாம்பு ஓடுகிறது என்று வீடு வீடாகக் கேட்டால், ஜனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். காலி பாக்கெட் பொய் சொல்லாது.

இன்று இந்த வேலையைக் கைபேசியும் கடை பில்லிங் மெஷினும் செய்கின்றன. நாம் எதைப் பார்த்தோம், எதை வாங்காமல் விட்டோம் என்பதெல்லாம் எங்கோ பதிவாகிறது. ஆனாலும் பட்டறைக்காரர் ஒன்று சொன்னார். கடைக்கு வந்து ஏதோ ஒரு பொம்மையைக் கேட்டு, அது இல்லை என்றதும் திரும்பிப் போனவர் பட்டறை நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதற்காகவே சீசன் முடிந்ததும் கடைக்காரர்களோடு டீ குடிக்கப் போகிறாராம். டீச்செலவையும் நோட்டில் எழுதுகிறார்.

பத்திரிகைக்காரனுக்கும் இதே கதைதான். மாதக் கடைசியில் முகவர்களிடமிருந்து ரிட்டர்ன் கட்டு வந்து விழும்போது பிரித்துப் பார்க்கக் கை வராது. இனிமேல் பிரிக்கப் போகிறேன். உங்கள் கடிதங்கள் எங்களைப் புகழ்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் புரட்டாமல் தாண்டிய பக்கங்களைப் பற்றி யாருமே எழுதுவதில்லையே! ஒரு அஞ்சலட்டையில் இரண்டே வரி போதும்: இந்த இதழில் எதைப் படிக்காமல் விட்டீர்கள், எதைத் தேடிக் கிடைக்கவில்லை. அது இந்தப் பக்கமாகவே இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்