பழசைக் கிளறலாமா?



மனச்சிதைவுக்குப் பல வருடங்களாக மருந்து சாப்பிடும் மகனைப் பற்றி ஒரு தாய் எழுதியிருந்தார். சிறுவனாக இருந்தபோது அவனுக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லையாம். பேசினால் நோய் முற்றிவிடுமோ என்ற பயம். பழசைக் கிளறலாமா என்று கேட்டிருக்கிறார். இந்த மாதப் பக்கம் அந்தக் கேள்விக்குத்தான்.

கிளறலாம். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மேகி ஷாவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பர்ட் மூவரும் உருவாக்கிய சிகிச்சை ஒன்று இருக்கிறது. முதலில் தரையில் ஒரு கயிறு விரிப்பார்கள். ஒரு முனை பிறந்த நாள். சுருட்டி வைத்திருக்கும் மறுமுனை இனி வரப்போகும் காலம். நல்லது நடந்த வயதில் பூ வைக்க வேண்டும், கெட்டது நடந்த வயதில் கல். பிறகு பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை சொல்லிவர வேண்டும். கல் வந்ததும் சிகிச்சையாளர் நிதானித்துக் கேட்பார்: அன்று எங்கே நின்றிருந்தீர்கள்? என்ன சத்தம் கேட்டது? இப்போது உடம்பு என்ன செய்கிறது? பதற்றம் ஏறி, தணியும்வரை கூடவே இருப்பார். சொன்னதையெல்லாம் எழுதி அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். விட்டுப்போனதைச் சொன்னவரே சேர்ப்பார். முடிவில், ஒரு வாழ்க்கை முழுவதையும் எழுதிய தாள்கள் அதை வாழ்ந்தவர் கைக்கு வந்துசேரும்.

இது ஏன் உதவுகிறது? பேரதிர்ச்சியில் சத்தமும் வாடையும் நெஞ்சுப் படபடப்பும் நினைவில் ஆழமாகப் பதிந்துவிடுகின்றன. எப்போது, எங்கே என்பது மட்டும் அவற்றோடு ஒட்டாமல் போகிறது. அதனால்தான் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எல்லாம் இந்த நொடியில் நடப்பதுபோல் உடல் நடுங்குகிறது; இதைத்தான் அதிர்ச்சி நோய் என்கிறோம். வரிசையாகச் சொல்லும்போது அந்தப் பயத்துக்கு ஒரு தேதியும் ஊரும் கிடைக்கின்றன. அது நடந்து முடிந்தது என்று உடலுக்கும் தெரியவருகிறது.

இந்த முறையின் வேர் சிலேயில் இருக்கிறது. சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களின் வாக்குமூலத்தையே மருந்தாக்கிய உளவியலாளர்கள் எலிசபெத் லீராவாலும் யூகேனியா வைன்ஸ்டைனாலும் 1983இல் அதைப் பற்றிப் புனைபெயரில்தான் எழுத முடிந்தது. பின்னர் உகாண்டாவின் இம்வேபி முகாமில் சூடான் அகதிகளிடம் கான்ஸ்டன்ஸ் குழு தன் முறையைச் சோதித்தது. நான்கே அமர்வுகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்னவர்களில் 29 விழுக்காட்டினரிடமே அதிர்ச்சி நோய் எஞ்சியிருந்தது. ஆறுதல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 79 விழுக்காடு. நம் உறவுகளிடமும் இது வந்திருக்கிறது. 2004 கடற்கோளுக்குப் பின் சில வாரங்களில், இலங்கை வடகிழக்கின் முகாம் ஒன்றில், போரையும் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஆறு மாதத்தில் பெரும்பாலோர் தேறினார்கள். ஒப்பீட்டுக்காகத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தாயின் பயத்துக்கு வருகிறேன். அது மருத்துவர்களுக்கும் இருந்த பயம்தான். மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களை இவ்வகைச் சிகிச்சைகளிலிருந்து நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தார்கள். 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அத்தகைய நோயோடு அதிர்ச்சியையும் சுமந்த 155 பேர் கலந்துகொண்டார்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சை ஒரு பிரிவினருக்கு. கண்ணசைவுச் சிகிச்சை இன்னொரு பிரிவினருக்கு. எட்டு அமர்வுகளில் இரு பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் அதிர்ச்சி நோயிலிருந்து மீண்டார்கள்; மனநோய் முற்றவில்லை. நோய் முற்றிவிடும் என்று பயந்து இந்த நோயாளிகளின் வாயை அடைத்துவைத்திருந்தது எவ்வளவு பெரிய அநியாயம்!

அதற்காக இன்றிரவே மகனை உட்காரவைத்துத் துருவ வேண்டாம் அம்மா. பாதியில் நின்றுபோகும் கதை கூடுதலாக வலிக்கும். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, இவனுக்குச் சிறுவயதில் இப்படி ஒன்று நடந்தது, அதற்கென்று சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் மகனின் சம்மதத்தைப் பெறுங்கள். யாரை அணுகுவது என்று தெரியாதவர்கள் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்