அந்தமான் ட்ரிப்: கடைசி ராத்திரி எங்க தங்கறீங்க?

கோயமுத்தூர்ல இருந்து அந்தமானுக்கு பேக்கேஜ்ல போறதா, நாமளே புக் பண்றதா? நாமளே பண்ணலாம், கஷ்டமே இல்லீங்க. ஸ்வராஜ் தீவு (பழைய ஹேவ்லாக்), ஷஹீத் தீவு (பழைய நீல்) போறதுக்கு நமக்குத் தனி பெர்மிட் வேண்டாம். லட்சத்தீவுக்குத்தான் அது வேணும். ஆனா பட்ஜெட் போடறப்ப பலரும் ஒரு ராத்திரியைக் கோட்டை விட்டுடறாங்க.

ஏர்போர்ட் இருக்கறது போர்ட் பிளேர்ல. (2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க.) மத்த தீவுகளுக்கு அங்கிருந்து ஃபெர்ரி. கடல் கொந்தளிச்சா ஃபெர்ரி ஓடாது. ஃபெர்ரி டிக்கெட் காசு திரும்பி வரலாம், விட்ட ஃப்ளைட்டுக்கு யார் தருவாங்க? நாலு பேர் குடும்பத்துக்குக் கடைசி நேர டிக்கெட் ஆளுக்கு 10,000னு வெச்சாலும் 40,000 ரூபாய். முந்தின ராத்திரியே போர்ட் பிளேர் வந்து 3,000 ரூபாய்க்கு ரூம் போட்டிருந்தா அந்தச் செலவே இல்ல. அதனால தீவுகளை முதல்ல பாத்துடுங்க. செல்லுலார் ஜெயிலைக் கடைசி நாளுக்கு வெச்சுக்கோங்க.

கோவை–சென்னை ஒரு கம்பெனி, சென்னை–போர்ட் பிளேர் வேற கம்பெனின்னு டிக்கெட் எடுத்தா சில நூறு ரூபாய் மிச்சமாகும். முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனி பொறுப்பேத்துக்காது. ஒரே பி.என்.ஆர்.ல எடுங்க. சேரன் எக்ஸ்பிரஸ்ல போறவங்க, அன்னைக்குக் காலை ஃப்ளைட்டைத் தொடவே தொடாதீங்க.

சென்னையில இருந்து கப்பல் சீப்தானேன்னு கேப்பீங்க. ஒரு வழிக்கே சுமார் மூணு நாள். சம்பளத்தோட லீவு இருக்கறவங்களுக்குப் பரவால்ல. திருப்பூர்ல பனியன் யூனிட், சோமனூர்ல தறி வெச்சிருக்கறவங்களுக்கு? ஒரு நாள் வருமானம் 4,000னா, போக வர ஆறு நாளுக்கு 24,000. கப்பல் டிக்கெட்டோட அதையும் கூட்டிட்டு, அப்புறம் ஃப்ளைட் ரேட்டைப் பாருங்க.

'இப்ப போங்க, அப்புறம் கட்டுங்க'ங்கற இ.எம்.ஐ. டூர், என்னைக் கேட்டா வேண்டவே வேண்டாம். ஏலச்சீட்டை அவசரமா எடுத்துட்டுப் போறதும் கடன்தாங்க, நீங்க தள்ளுன தொகைதான் வட்டி. மாசம் 5,000 ஆர்.டி. போட்டா ஒரு வருஷத்துல 60,000, மேல வட்டி வேற. தை, மாசியில கடல் பெரும்பாலும் அமைதியா இருக்கும், அதுக்குத் தோதா ஆர்.டி. முடியற மாதிரி ஆரம்பிங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ரூம் ரேட் குறைவாத்தான் காட்டும், ஃபெர்ரி ரத்தாகற வாய்ப்பும் அப்பத்தான் ஜாஸ்தி.