காதா, மனசா என்னும் வீண் வழக்கு

"எல்லா டெஸ்ட்டும் நார்மல். மனசுதான் காரணம். கவலைப்படாமல் இருங்கள்." தலைசுற்றலோடு போகிறவர்களில் எத்தனை பேர் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள்! கவலைப்படாதே என்பது வைத்தியமா ஐயா? கேட்கிறவருக்கு அது 'நீ நடிக்கிறாய்' என்றே காதில் விழுகிறது. வீட்டில் பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிகிறார்கள். மருந்துக்கடையில் ஓர் அட்டை மாத்திரை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், அதனால் ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாரீசில் காது கேளாதோர் நிலையத்தில் வைத்தியராக இருந்த ப்ரொஸ்பேர் மெனியேர், 1861-இல், தலைசுற்றல் உள்காதிலிருந்தும் வரும் என்று எடுத்துக்காட்டினார். அதுவரை மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது என்று சொல்லி, ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். அவரும் மறுவருடமே காலமானார்.

அப்படியானால் எல்லாம் காதுதானே என்பார்கள் சிலர். அதுவும் அரைகுறைதான். காது, கண், பாதம் மூன்றும் அனுப்பும் சேதியைச் சேர்த்துத்தான் மூளை நம்மை நிமிர்த்தி நிறுத்துகிறது. உள்காதில் பொடிக்கல் இடம் மாறினால், படுக்கையில் புரளும்போது உலகமே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். தெரிந்தவர் தலையை முறைப்படி சாய்த்துத் திருப்பினால் பலருக்குச் சரியாகிவிடும். ஆனால் பயம் போகாது. கழுத்தை விறைத்துக்கொண்டு நடக்கிறார். ஒவ்வோர் அசைவையும் வேவு பார்க்கிறார். படகு ஏற மாட்டேன் என்கிறார். அசைவே இல்லாவிட்டால் மூளை மீண்டும் பழகுவது எப்படி? காது ஆறிய பிறகும் கிறுகிறுப்பு நிற்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடிக்கும் இந்த நிலைக்கு, 2017-இல் உலக நிபுணர்களின் பாரனி சங்கம் தனி இலக்கணமே வகுத்துவிட்டது. இது நடிப்பும் அல்ல, பைத்தியமும் அல்ல.

கடலோரத்தாருக்கு இது புதிதும் அல்ல. கடலிலிருந்து கரையேறியபின் தரை ஆடுவதுபோல் இருக்குமே, அதற்குப் பிரெஞ்சில் 'மால் தெ தெபார்க்மான்', கரையிறங்கும் நோய், என்று பெயர். பலருக்கு ஓரிரு நாளில் போய்விடும். சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். மனஉளைச்சல் அதைக் கூட்டும். உளைச்சலுக்கா இங்கே பஞ்சம்? முகத்துவாரம் மணல் மூடினால் ஏரியில் மீன் இல்லை. 61 நாள் தடைக்காலம். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது. இத்தனையையும் சுமப்பவரிடம் 'மனசை லேசாக வையுங்கள்' என்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

என் கோபமெல்லாம் அந்த அலட்சியத்தின் மேல்தான். காது டாக்டர் நரம்பு டாக்டரிடம், அவர் மனநல டாக்டரிடம். நாங்கள் ஆபீசில் 'இப்பிரிவைச் சார்ந்ததல்ல' என்று கோப்பைத் தள்ளிவிட்ட மாதிரியே இருக்கிறது. அதற்குள் நோயாளி மாத்திரையிலேயே வருஷங்களை ஓட்டிவிடுகிறார். ஸ்டெமெட்டில், சின்னரிசின் போன்றவை சுழற்சி உச்சத்தில் இருக்கும் சில நாளுக்குத்தான். நம் வயதில் மாதக்கணக்கில் விழுங்கினால் கைநடுக்கமும் நடைத்தளர்ச்சியும் வரலாம்; மூளை தானாகச் சமாளிப்பதும் தடைப்படும். சமநிலைப் பயிற்சி, பயத்தைப் பேசித் தீர்க்கும் ஆலோசனை, தேவைப்பட்டால் பதற்றத்துக்கான மருந்து, இவைதான் வேலை செய்கின்றன.

ஒன்றை மட்டும் மனசின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். திடீர்ச் சுழற்சியோடு பேச்சு குழறினால், முகம் கோணினால், கைகால் வலுவிழந்தால், நிற்கவே முடியாவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பொன்னேரிக்கும் சென்னைக்கும் அலைய ஒரு நாள் கூலி போகிறது. சமநிலைப் பயிற்சி சொல்லித்தரும் ஒருவரும் மனநல ஆலோசகர் ஒருவரும் மாதம் ஒரு முறை, ஒரே நாளில், பழவேற்காட்டுக்கு வந்து உட்கார்ந்தால் என்ன? அதுவரை, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.