குதிரைக்கும் காது உண்டு

பட்டாசு இல்லாத திருமணமும் ஒரு திருமணமா என்று கேட்போர் நம்மிடையே மிகுதி. திருமணம் மட்டுமா? காதணி விழா, கோயில் கொடை, தேர்தல் வெற்றி, தலைவர் வருகை, ஏன், இறுதி ஊர்வலத்திற்குக்கூட வெடிச்சத்தம் வேண்டியிருக்கிறது. நான் பட்டாசுக்குப் பகைவன் அல்லன். சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது அந்தத் தொழிலால்தான் என்பதை அறிவேன். ஆனால் அந்த ஊர்வலங்களில் வண்டியை இழுத்துக்கொண்டு வருகிற ஓர் உயிரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதற்காகவே இம்மலரில் சில பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குதிரை உண்டு. தாத்தா ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். ஆட்டோ வந்தபின் அந்தப் பிழைப்புப் போயிற்று. அப்பா அதே லாயத்தில் வேறொரு குதிரையைக் கட்டி, ஒரு சாரட்டு வண்டியும் வாங்கி, மாப்பிள்ளை அழைப்புக்கும் காதணி விழாவுக்கும் வாடகைக்கு விடுகிறார். அந்த வாடகையில்தான் நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஆகவே குதிரை மிரளுவது எனக்குப் பாடப்புத்தகச் செய்தி மட்டும் அன்று.

குதிரை வேட்டையாடும் விலங்கு அன்று, வேட்டையாடப்பட்ட விலங்கு. கொம்பில்லை, கூர்நகமில்லை. ஓட்டம் ஒன்றே அதற்குக் காவல். நம் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குதிரையின் செவி 33,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு எட்டாத கீச்சொலியும் அதற்கு எட்டுகிறது. இரண்டு காதுகளையும் தனித்தனியே திருப்பிச் சத்தம் வரும் திசையை அறிந்துகொள்ளும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையும் தெரியும். ஆனால் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு அதன் பார்வை பழக நம்மைவிட நேரம் பிடிக்கும். இருட்டில் திடீரென்று ஒளி வெடித்தால் அது தடுமாறிப் போவது இயல்பே.

இத்தகைய பிராணிக்குக் கண்பட்டை கட்டி, கடிவாளம் மாட்டி, வண்டியில் பூட்டி, பத்தடி தூரத்தில் சரவெடியைக் கொளுத்தினால் அது என்ன செய்யும்? சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வழியில்லை, ஓடவும் வழியில்லை. ஓடினால் வண்டியும் சேர்ந்து ஓடும். வண்டியில் இருப்பது பெரும்பாலும் குழந்தைகள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காதணி விழாவில் இதுதான் நடந்தது. தெரு குறுகலானது. அப்பா, வண்டி கடந்து போனபின் கொளுத்தலாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். வெடி கிளம்பியதும் குதிரை முன்கால்களைத் தூக்கி நின்றது, ஏர்க்கால் முறிந்தது, லகானை விடாமல் பிடித்திருந்த அப்பாவின் தோள்பட்டை எலும்பும் முறிந்தது. குழந்தைகளை யாரோ பாய்ந்து இறக்கிவிட்டார்கள். அன்றைய வாடகை கிடைக்கவில்லை. விழா வீட்டுப் பெரியவர் ஒருவர் குதிரையைச் சுற்றிவந்து பார்த்து, "சுழி சரியில்லாத குதிரையப்பா, வித்துப்போடு" என்று அறிவுரையும் தந்தார். வெடியின் திரியில் இல்லாத குற்றம் குதிரையின் சுழியில் இருக்கிறதாம்!

பழக்கினால் சரியாகிவிடும் என்பது இன்னொரு வாதம். காவல்துறைக் குதிரைகள் கூட்டத்திலும் கூச்சலிலும் நிற்கவில்லையா என்று என் வகுப்புத் தோழனே கேட்டான். நிற்கின்றன. ஆனால் எப்படி? தொலைவில் மெல்லிய ஒலியில் தொடங்கி, அது அமைதியாக நிற்கும்போது தீனி கொடுத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டிப் பழக்குகிறார்கள். காதருகே வெடிவைப்பது பழக்குவது ஆகாது. அது அச்சத்தை வளர்ப்பது. மிரண்ட வேளையில் சவுக்கால் அடிப்பது அதைவிடக் கேடு. சத்தம் கேட்டால் வலியும் வரும் என்று குதிரை கற்றுக்கொள்கிறது. அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். ஆயினும் இதை அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். பாவ்லோவின் நாயைப் பற்றி நான் பிறகுதான் படித்தேன்.

தீபாவளியன்று எங்கள் லாயத்தில் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பகலிலேயே குதிரையைத் தோப்பிலிருந்து கொண்டுவந்துவிடுவோம். சுவரில் ஆணி, தகரம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். தெருப்பக்கத்துக் கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டு, வானொலியைப் பாடவிட்டு, வழக்கத்தைவிட அதிகமாகப் புல் வைப்போம். மென்றுகொண்டிருக்கும் குதிரைக்குப் பயம் குறைவு. குடலுக்கும் அது நல்லது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பயத்தில் தீனியை விட்டு வயிற்றுவலி கண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். துணைக்கு எங்கள் வெள்ளாடு பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அது வெடிக்குக் காதைக்கூட அசைக்காத பிறவி. அதைப் பார்த்தே குதிரை பாதி அடங்கிவிடும். கூரை கீற்று என்பதால் ஒரு பீப்பாய் தண்ணீர் வாசலில் நிற்கும். அப்பா கதவருகே நின்று பேசிக்கொண்டே இருப்பார். குதிரைக்கும் சுவருக்கும் இடையில் மட்டும் போகமாட்டார். மிகவும் மிரளும் குதிரைக்குக் கால்நடை மருத்துவர் மருந்து தருவார். ஆனால் அதை வெடி தொடங்குமுன்பே கொடுக்க வேண்டும். மிரண்டபின் கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. மறுநாள் காலை மேய்ச்சலுக்கு விடுமுன் புல்லில் கிடக்கும் எரிந்த மத்தாப்புக் கம்பிகளைப் பொறுக்குவது என் தங்கையின் வேலை.

இவ்வளவையும் செய்ய எங்களுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: வெடி எப்போது தொடங்கும், எப்போது முடியும்? 2018இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒட்டித் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் நேரம் குறிக்கப்பட்டது. இதைப் பண்டிகைக்கு விழுந்த பூட்டு என்று நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கோ, குதிரை வைத்திருப்பவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று படுகிறது. இரண்டு மணி நேரம் நாங்கள் லாயத்தில் காவல் இருந்துவிடுவோம். முதல் நாள் நள்ளிரவிலும், மூன்றாம் நாள் நண்பகலிலும் நினைத்தபோது வெடித்தால் எவன் காவல் இருக்க முடியும்?

அதே தீர்ப்பு சரவெடியின் தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு மூன்றையும் தடைசெய்தது. தடைசெய்யப்பட்ட அந்தச் சரவெடிதான் நாங்கள் போகும் ஊர்வலங்களில் தெருவை அடைத்துப் புகைகிறது. கேட்டால், சாமி ஊர்வலத்தில் குதிரை வாகனத்துக்கு முன்னால் வெடிப்பதில்லையா என்கிறார்கள். அது மரக்குதிரை ஐயா! அய்யனார் கோயில் மண்குதிரைக்கு முன்னாலும் தாராளமாக வெடியுங்கள்.

வேண்டாம் என்று மறுத்தால் வாடகை அடுத்த வண்டிக்காரருக்குப் போய்விடும் என்ற நிலையில் அப்பாவால் தனியே சட்டம் பேச முடியாது. நம்மில் பலர் அண்ணன் திருமணத்தையும் அக்காள் வீட்டு விழாவையும் முன்நின்று நடத்துகிறவர்கள். வெடிக்கட்டைக் கையில் வைத்திருப்பவனும் பெரும்பாலும் நம் வயதுக்காரன்தான். நம்மிடம் நான் கேட்பது ஐந்து நிமிடம். வண்டி தெருமுனை திரும்பும் வரை தீப்பெட்டியைப் பையில் வைத்திருக்க வேண்டும். அப்பா இப்போதெல்லாம் முன்பணம் வாங்கும்போதே, வெடி கொளுத்தப்போகிறவர் யார் என்று கேட்டு அவருடைய கைப்பேசி எண்ணை என்னிடம் எழுதச் சொல்கிறார். ஊர்வலத்துக்கு முதல் நாள் மாலை அவரை அழைத்துப் பேசுவது என் பொறுப்பு.